சட்டியில் இருந்ததும் கரண்டியில் வந்ததும்



கனடாவில் வாழும் என் தங்கையின் மகன் சில வருடங்களுக்கு முன்னர் விடுமுறையில் வந்திருந்தபோது, சின்னஞ்சிறு பொதியொன்றை என் கையில் வைத்து, "மாமா, இது உங்களுக்கு" என்றான். பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது ஒரு கரண்டி. கோப்பி கலக்கும் அளவிலான சிறு கரண்டி. காம்பின் உச்சியில் அகன்ற தொப்பியணிந்த ஒரு மனிதன் தோளில் பிக்காசுடன் நிற்கிறான். கரண்டியின் குழிவுக்குள்ளே இரு மலைகளுக்கிடையில் ஓர் உயர்ந்த பாலம்; அதன்மேல் புகை கக்கிச் செல்லும் ஒரு புகையிரதம். அதன் கீழே, நுணுகிப் பார்த்தால் மட்டும் தெரியும் எழுத்தில், ஜோர்ஜ்டவுண், கொலராடோ என்று ஊர்ப்பெயர்.

"டென்வர் நகரத்திலே பழம்பொருள் விற்கிற கடையொன்றில் வாங்கினேன், மாமா. நூறு வயசு தாண்டிய வெள்ளி" என்றான். விலையைச் சொன்னபோது எனக்குத் திடுக்கிட்டது. வாசற்படியில் நின்ற என் மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதால தேத்தண்ணிகூட ஒழுங்காக் கலக்கேலாது. உருக்கினால் ஒரு மோதிரம் தேறுமோ?" என்று கேட்டாள்.

மோதிரம் தேறும், அவ்வளவுதான். அந்தக் கரண்டியின் எடை ஏறத்தாழ பழைய வெள்ளி ரூபா ஒன்றின் எடை. ஆனால் இந்தச் சிறு வெள்ளித் துண்டுக்குள் ஒரு தேசத்தின் கால் நூற்றாண்டுக் கதை அடங்கிக் கிடக்கிறது. அந்தக் கதையின் ஒரு முனை நம்முடைய மடிப்பைக்குள் கிடந்த ரூபாவோடும் முடிச்சிடப்பட்டிருக்கிறது. அந்த முடிச்சைத்தான் இன்று சற்று அவிழ்த்துப் பார்க்க எண்ணுகிறேன்.

போன இடத்தின் நினைவாக ஒரு கரண்டி வாங்கி வரும் வழக்கம் ஐரோப்பாவில் தோன்றியது. அமெரிக்காவில் அது பரவத் தொடங்கியது 1889ஆம் ஆண்டளவில். வாஷிங்டன் நகரத்து நகை வியாபாரிகளான கோல்ற் சகோதரர்கள் முதலாவது ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டனின் முகம் பொறித்த கரண்டியொன்றை வெளியிட்டனர். அடுத்து மசாச்சூசெற்ஸ் மாநிலத்துச் சேலம் என்ற ஊரின் நகை வியாபாரி டானியல் லோ ஜெர்மனிக்குச் சென்றபோது அங்கு விற்கப்பட்ட நினைவுக் கரண்டிகளைக் கண்டு, தம் ஊருக்கும் அப்படியொன்று வேண்டுமென்று எண்ணினார். 1692இல் சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்ட ஊர் சேலம். அந்தச் சூனியக்காரியையே விளக்குமாறுடன் கரண்டியின் காம்பில் ஏற்றிவிட்டார் லோ. கரண்டி அமோகமாக விற்றது. ஊரின் வெட்கக்கேடு ஊரின் விற்பனைப் பொருளாயிற்று.

அதன்பின் அது ஒரு காய்ச்சலாகவே பரவியது. 1891இலேயே நினைவுக் கரண்டிகளைப் பற்றி பொஸ்ரனில் தனி நூலொன்று வெளிவந்துவிட்டது. நயாகரா நீர்வீழ்ச்சிக்கு ஒரு கரண்டி, நியூயோர்க் பாலத்துக்கு ஒரு கரண்டி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கரண்டி என்று கடைகளின் கண்ணாடிப் பெட்டிகள் நிறைந்தன. 1893இல் சிக்காகோவில் கொலம்பஸின் நினைவாக நடந்த உலகக் கண்காட்சியில் விற்கப்பட்ட கரண்டிகளின் வகைகள் சேகரிப்பவர்களை இன்றும் திணறடிக்கின்றன.

இந்தக் காய்ச்சலுக்கு ஓர் எளிய காரணம் உண்டு. வெள்ளி மலிந்துவிட்டது. 1859இல் நெவாடாவில் கொம்ஸ்ரொக் என்ற பெரும் வெள்ளிப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. எழுபதுகளின் கடைசியில், கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் மீற்றருக்கும் மேலே, கொலராடோவின் லெட்வில் என்ற ஊரில் வெள்ளி வெளிப்பட்டது. இரும்புப் பாதை மலையேறியதும் வெள்ளி மலையிறங்கியது. 1890இல் ஓர் அவுன்ஸ் ஒரு டொலருக்குச் சற்று மேலே விற்ற வெள்ளி 1894இல் 63 சதமளவுக்கு வீழ்ந்திருந்தது. பிரபுக்களின் மேசையில் மட்டும் இருந்த வெள்ளிக் கரண்டி பள்ளி ஆசிரியையின் கைக்கும் எட்டியது.

சுரங்கமும் புகையிரதமும் கரண்டியில் இடம்பிடித்த விதத்தையும் சொல்லவேண்டும். மேற்கு மாநிலங்கள் பலவற்றின் அரச முத்திரைகளே சுரங்க முத்திரைகள்தாம். கொலராடோ முத்திரையில் பிக்காசும் சம்மட்டியும் குறுக்கிட்டுக் கிடக்கின்றன. மொன்ரானா முத்திரையில் கலப்பையோடு பிக்காசும் சவளும் இருக்கின்றன. நெவாடா முத்திரையோ சுரங்க வாயில், கனியக்கல் இடிக்கும் ஆலை, பாலத்தின்மேல் செல்லும் புகையிரதம் என்று எல்லாவற்றையும் ஒரே வட்டத்துக்குள் அடக்கிவிட்டது. ஐடஹோ முத்திரையில் ஒரு பெண்ணும் ஒரு சுரங்கத் தொழிலாளியும் எதிரெதிரே நிற்கிறார்கள். 1891இல் அதை வரைந்தவர் எம்மா எட்வர்ட்ஸ் என்ற பெண்மணி. மாநிலக் கரண்டி செய்தவர்கள் இந்த முத்திரைகளை அப்படியே காம்பில் பதித்தார்கள். அதற்கு மேலே பொதி சுமக்கும் கழுதை, மண் அரிக்கும் தட்டு, சுரங்க விளக்கு என்று கற்பனைக்கேற்ப அலங்காரங்கள் சேர்ந்தன.

இந்தக் கரண்டிகளைச் செய்தவர்கள் சுரங்க ஊர்களில் இருந்தவர்கள் அல்லர். கிழக்குக் கரையில், றோட் ஐலண்ட் மாநிலத்தின் புரொவிடன்ஸ் நகரில் இருந்த கோர்ஹாம் கம்பனியும், அயலிலுள்ள அற்றில்பரோவின் பட்டறைகளுமே பெருந்தொகையாகச் செய்தன. உருக்கில் வெட்டிய அச்சுக்கிடையே வெள்ளித் தகட்டை வைத்து அழுத்தினால் காம்பின் உருவம் எழும். குழிவை வெறுமையாகவே விட்டு, மேற்கிலுள்ள நகைக் கடைகளுக்கு அனுப்புவார்கள். அங்கே ஊர்ப் பொற்கொல்லர் சிற்றுளியால் அந்த ஊரின் பாலத்தையோ சுரங்கத்தையோ பெயரையோ கையால் கொத்துவார். ஒரே சுரங்கத் தொழிலாளி காம்பின் உச்சியில் நின்றபடி பல ஊர்களுக்குச் சொந்தக்காரனானது இப்படித்தான். என்னுடைய கரண்டியில் காம்பு அச்சில் பிறந்தது. பாலம் மட்டும் கைவேலை. பூதக்கண்ணாடியால் பார்த்தால், புகையைக் கொத்தியபோது உளி ஓரிடத்தில் சறுக்கியிருப்பது தெரிகிறது. எனக்கு அந்தச் சறுக்கல்தான் மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு மனிதனின் கை அங்கே இருக்கிறது.

சேகரிப்பவர்கள் கரண்டியை முதலில் குப்புறத் திருப்புவார்கள். பின்புறத்தில் ஸ்ரேர்லிங் என்ற சொல் இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. சிங்கம், நங்கூரம், ஓர் ஆங்கில எழுத்து ஆகிய மூன்றும் வரிசையாக நின்றால் அது கோர்ஹாம். குழிவில் பொன்முலாம் பூசியிருந்தால், முட்டை பட்டுக் கறுக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு. முட்டையிலுள்ள கந்தகம் வெள்ளிக்குப் பகை. கையால் கொத்திய படம் அச்சுப் படத்தைவிடப் பொதுவாக மதிப்புக் கூடியது. பெயரும் திகதியும் சேர்ந்து பொறித்திருந்தால் சிலர் அதைக் குறை என்பார்கள். நான் அப்படி எண்ணுவதில்லை. ஒரு பெயர் இருந்தால் அந்தக் கரண்டிக்கு ஒரு வீடு இருந்திருக்கிறது என்பது பொருள்.

இனி அந்தப் பாலத்துக்கு வருவோம். ஜோர்ஜ்டவுண், சில்வர் புளூம் என்ற இரு வெள்ளிச் சுரங்க ஊர்களுக்கிடையே உள்ள தூரம் இரண்டே மைல். ஆனால் ஏற்றமோ அறுநூறு அடிக்கு மேல். நேராக ஏறுவது எஞ்சினுக்கு மிகவும் கடினம். ஆகவே பொறியியலாளர் பாதையைச் சுற்றிச் சுற்றி வளைத்து, ஓரிடத்தில் பாதை தன்னைத் தானே மேலால் கடந்து செல்லும்படி ஏறத்தாழ நூறடி உயரத்தில் பாலம் அமைத்தனர். 1884இல் அந்த வேலை நிறைவுற்றது. கனியம் ஏற்றுவதற்கென்று போட்ட பாதையில் வேடிக்கை பார்ப்பவர்களும் ஏறினார்கள். பைக்ஸ் சிகரத்திலோ நேரே வேடிக்கைக்கென்றே பாதை போட்டார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வைத்த இன்னொரு தண்டவாளத்தைப் பதித்து, அதில் பற்சக்கரம் கடித்து ஏறும் புகையிரதம் 1891இல் 4,300 மீற்றர் உயரச் சிகரத்தை எட்டியது. கரண்டிக் காய்ச்சலின் உச்ச ஆண்டும் அதுவே. அந்தச் சரிந்த எஞ்சின் எத்தனையோ கரண்டிகளின் குழிவில் இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறது.

எண்ணிப் பாருங்கள், நேயர்களே. வெள்ளி மேற்கு மலைகளில் வெட்டப்படுகிறது; புகையிரதத்தில் ஏறிக் கிழக்கே போகிறது; பட்டறையில் கரண்டியாகிறது; மறுபடி புகையிரதத்தில் ஏறி மேற்கே வருகிறது; தான் பிறந்த சுரங்கத்தின் படத்தைத் தன் மேலேயே பொறித்துக்கொள்கிறது; உல்லாசப் பயணியின் பைக்குள் புகுந்து மூன்றாம் முறையாகப் புகையிரதம் ஏறுகிறது. இப்படித் தன் சரித்திரத்தைத் தானே சுமந்து திரிந்த உலோகம் வேறு உண்டா என்பது ஐயமே.

ஆனால் எல்லாச் சரித்திரத்தையும் அது சுமக்கவில்லை.

1893ஆம் ஆண்டு வந்தது. அமெரிக்க அரசாங்கம் 1890இல் இயற்றிய சட்டமொன்றின்படி மாதந்தோறும் 45 இலட்சம் அவுன்ஸ் வெள்ளியை வாங்கி, சுரங்கக்காரருக்கு முண்டு கொடுத்துக்கொண்டிருந்தது. உலகத்தில் வெள்ளிக்கு மற்றொரு பெரும் வாய் இந்தியா. அங்கே யாரும் வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்து ரூபாவாக அச்சிட்டுப் பெறலாம். ஆனால் வெள்ளி மலிய மலிய ரூபாவும் மலிந்தது. இரண்டு ஷில்லிங் அளவில் இருந்த ரூபாவின் பெறுமதி ஒன்றேகால் ஷில்லிங்குக்கு இறங்கிவிட்டது. இலண்டனுக்குப் பவுணில் கட்டவேண்டிய செலவுகளால் திணறிய பிரித்தானிய இந்திய அரசாங்கம், 1893 ஜூன் 26ஆம் திகதி தன் நாணயச்சாலைகளின் கதவைத் தனியாரின் வெள்ளிக்கு அடைத்தது. அக்காலத்தில் இலங்கையில் செலாவணியில் இருந்ததும் இந்திய வெள்ளி ரூபாவே. தோட்டத்துத் தொழிலாளியின் மடியில் கிடந்த ரூபாவின் விதியும் கொலராடோச் சுரங்கத் தொழிலாளியின் விதியும் ஒரே நாளில் ஒரே பேனாவால் எழுதப்பட்டன. இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கவில்லை.

அந்தச் செய்தி எட்டியதும் வெள்ளியின் விலை சரிந்தது. ஜூன் முடிவதற்குள் கொலராடோவின் வெள்ளிச் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. ஜூலை நடுப்பகுதியில் டென்வர் நகரில் மூன்றே நாட்களில் பன்னிரண்டு வங்கிகள் முறிந்தன. வேலையிழந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு தலைநகருக்குத் திரண்டனர். அவர்களை வெளியே அனுப்பினால் போதுமென்று புகையிரதக் கம்பனிகள் கட்டணத்தைக் குறைத்தன. நவம்பர் முதலாம் திகதி அமெரிக்க அரசாங்கமும் வெள்ளி வாங்கும் சட்டத்தை நீக்கிவிட்டது. இவையெல்லாம் நிகழ்ந்த அதே கோடையில்தான் சிக்காகோக் கண்காட்சியில் மக்கள் வரிசையில் நின்று வெள்ளிக் கரண்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

லெட்வில்லின் பெருந்தனவந்தர் ஹோரஸ் டேபரின் கதையை இங்கே சொல்லாமல் விட முடியாது. சாதாரணக் கடைக்காரர். 1878இல் கையில் காசில்லாத இரு ஜெர்மானியர்களுக்குக் கடனுக்குப் பண்டம் கொடுத்து, கண்டுபிடிப்பில் மூன்றிலொரு பங்கு பேசிக்கொண்டார். அவர்கள் தோண்டிய இடத்தில் வெள்ளி கிடைத்தது. மனிதர் இரு நகரங்களில் நாடக அரங்குகள் கட்டினார்; 1883இல் ஒரு மாத காலம் செனற் சபை உறுப்பினராகவும் இருந்தார். அவருடைய இரண்டாம் திருமணத்துக்கு நாட்டின் ஜனாதிபதியே வந்திருந்தார். மகளொருத்திக்கு அவர் வைத்த பெயர்களில் ஒன்று சில்வர் டொலர், அதாவது வெள்ளி டொலர். 1893 எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. 1899இல் டென்வரின் தபாலதிபராக அவர் கண்மூடினார். மனைவி பேபி டோ, மட்ச்லெஸ் என்ற கைவிடப்பட்ட சுரங்கத்தின் வாயிலிலிருந்த மரக்குடிலில் முதுமை வரை வாழ்ந்து, 1935இல் குளிரில் விறைத்து இறந்துகிடந்தார்.

விழுந்த ஊரை எழுப்ப லெட்வில் மக்கள் செய்த முயற்சி இன்னும் பரிதாபமானது. ஐயாயிரம் தொன் பனிக்கட்டியால் கட்டிய ஒரு மாளிகையை 1896 ஜனவரியில் திறந்தார்கள். புகையிரதங்களில் கூட்டம் வந்தது, பார்த்தது, போனது. மார்ச் மாதக் கடைசியில் மாளிகை கரைந்துபோயிற்று. அதே ஆண்டு ஜூனில் சுரங்கத் தொழிலாளர் நாட்கூலி எல்லோருக்கும் மூன்று டொலர் வேண்டுமென்று வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பலருக்குக் கிடைத்தது இரண்டரை டொலர். துருப்புகள் வந்தன. மறு ஆண்டு வேலைநிறுத்தம் தோற்றது. அக்காலத்தில் ஒரு நினைவுக் கரண்டியின் விலை ஒன்றரை, இரண்டு டொலர் என்ற அளவில் இருந்தது. கரண்டியின் உச்சியில் நிற்கும் மனிதன், தன் உருவம் பொறித்த கரண்டியை வாங்க ஒரு நாட்கூலியின் பெரும்பகுதியைக் கொடுக்கவேண்டும்!

"சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பழமொழியை நினைத்துக்கொண்டுதான் இந்தக் கரண்டியை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சட்டியில் இருந்தவையெல்லாம் இந்த அகப்பையில் வந்தனவா?

1869 மே 10ஆம் திகதி யூற்றாவின் புரொமன்ரறி மேட்டில் அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைத்த இரும்புப் பாதை பூர்த்தியானபோது, பொன் ஆணிகளோடு நெவாடாவின் வெள்ளி ஆணியொன்றும் சடங்குக்கு வந்திருந்தது. அந்தப் பாதையின் மேற்குப் பகுதியில் மலையைப் பிளந்தவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள், பல்லாயிரம் பேர். அன்று எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதையே சட்டம் தடுத்தது. 1885இல் வயோமிங்கின் றொக் ஸ்பிறிங்ஸில், புகையிரதக் கம்பனியின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைசெய்த சீனர் குறைந்தது இருபத்தெட்டுப் பேர் சக தொழிலாளராலேயே கொல்லப்பட்டனர். அமெரிக்கத் தொழில் திணைக்களம் அந்த இரும்புப் பாதைத் தொழிலாளரைத் தன் கௌரவ மண்டபத்தில் சேர்த்தது 2014இல்தான்.

மேற்குக் கொலராடோவின் மண்ணுக்குரியவர்களான யூட் மக்கள் 1881இல் தம் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். பத்து ஆண்டுகளில் இறகு சூடிய பழங்குடித் தலைவனின் முகம் நினைவுக் கரண்டிகளின் காம்பை அலங்கரிக்கத் தொடங்கிவிட்டது. மனிதனை நிலத்திலிருந்து இறக்கி, முகத்தை மட்டும் வெள்ளியில் ஏற்றினார்கள்.

இதை வேற்றூர்க் கதை என்று சொல்லி நாம் விலகிவிட முடியாது. நம் தேயிலைப் பெட்டிகளில் கொழுந்து பறிக்கும் பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய பெயர் என்ன? கடுகண்ணாவை மலைப்பாதையில் பயணஞ் செய்து, யன்னலோரம் அதன் அழகை வியக்கும் நம்மில் எத்தனை பேர் அந்தக் கல்லை உடைத்தவர்களை நினைக்கிறோம்?

லெட்வில் மயானத்தில் ஏழைகளுக்கென்று ஒதுக்கிய பகுதியொன்று உண்டு. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர்க்கல்லின்றிப் புதைந்து கிடக்கின்றனர். பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து பசிக்குத் தப்பி வந்த சுரங்கத் தொழிலாளரும் அவர்களின் குழந்தைகளும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த இடத்தில் மண் குழிந்து, மரங்கள் வளர்ந்திருந்தன. தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி அவர்களின் பெயர்களைத் தேடியெடுத்தார்கள். 2023இல் அந்தப் பெயர்களைத் தாங்கிய நினைவுச்சின்னம் அங்கே எழுந்தது.

வெள்ளி விலை 1980 ஜனவரியில் அவுன்ஸ் ஒன்றுக்கு ஐம்பது டொலரளவில் ஏறியபோது, வீட்டு அலுமாரிகளில் இருந்த வெள்ளிப் பொருட்கள் பெருந்தொகையாக உருக்கப்பட்டன. எத்தனை பாலங்கள், எத்தனை சுரங்க வாயில்கள், எத்தனை பெயர்கள் அந்த உலையில் கரைந்திருக்கும்! ஜோர்ஜ்டவுண் பாலத்தையே 1939இல் பழைய இரும்பாகக் கழற்றி விற்றுவிட்டார்கள். பின்னர் மனம் வருந்தி, 1984இல் அதேயிடத்தில் அதேபோல் மறுபடி கட்டினார்கள். இரும்பை மறுபடி வார்க்கலாம். உளி சறுக்கிய அந்தக் கையை மறுபடி வார்க்க முடியாது.

அலுமாரியைப் பூட்டிவிட்டு, நாளை வருவோம் என்று வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஒரு மூக்குப்பேணி, ஒரு குங்குமச் சிமிழ், பாட்டியின் பெயர் கொத்திய ஒரு பித்தளைச் செம்பு என்று அவர்கள் இழந்தவற்றைச் சொல்லும்போது, எடையையும் விலையையும் யாரும் சொல்வதில்லை. யார் கையிலிருந்து வந்தது என்பதையே சொல்வார்கள்.

என் மனைவி அந்தக் கரண்டியை உருக்கவில்லை, நேயர்களே. சாமியறையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறாள். ஒருநாள் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தவள், காம்பின் உச்சியில் நின்ற மனிதனைக் கண்ணுக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தாள் ஆரப்பா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.